மலாவிக்கு மாப்பிள்ளையாகப் போன காக்காவுக்கு

எல்லாத் திசைகளையும் தனதாக்கி, எத்திசையில் நின்று அழைத்தாலும் செவியேற்கும் அல்லாஹ்வின் திருப்பெயரை முன்வைத்து, அவன் தூதர் மீது ஸலவாத்தும் ஸலாமும் சொல்லித் தொடங்குகிறேன்.

அன்பும் கண்ணியமும் மிக்க என் உடன்பிறந்த மூத்த காக்கா,

கபுறுக்குள் அடங்கி இருப்போருக்கு நாம் சொல்லும் ஸலாம் எட்டும் என்று ஓதியிருக்கிறோம். கடிதம் எட்டுமா என்பதை நான் அறியேன். ஆயினும் எழுதுகிறேன். உயிர் பிரியும் மௌத்தின் தறுவாயில் நீங்கள் கேட்டனுப்பிய ஒன்றுக்கு, நம் இருவருக்கும் மூத்த சகோதரியான ராத்தா விடை சொல்லிவிட்டார்.

இலங்கையின் கிழக்குக் கரையில் நம் நற்பிட்டிமுனை வயல்களில் வளர்ந்த உங்களை, நெல் வேளாண்மை பழக்கிக் கொடுக்கும் வேலைக்கென்று ஆபிரிக்காவில் மலாவி நாட்டுக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு வருடத்தில் வருவேன் என்றீர்கள். அங்கே ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் மணமுடித்து, பிள்ளைகள் பெற்று, தாடி நரைத்து, சென்ற மாரியில் அந்த மண்ணுக்குள்ளேயே போய்விட்டீர்கள். பழந்தமிழ்ப் பாட்டில் பொருள் தேடிப் பிரிந்தவன் கார்காலம் தொடங்குமுன் மீண்டுவிடுவான். மீளாதவனுக்கென்று ஒரு திணையை யாரும் வகுத்து வைக்கவில்லையே. உங்களை நான் எதில் சேர்ப்பேன்?

உங்களிடம் கேட்க எத்தனையோ இருக்கிறது. அந்த ஏரியிலும் அலை அடிக்குமாம். ஆனால் அள்ளிக் குடிக்கலாமாம். உப்புக் காற்றில் பிறந்த உங்கள் நாவுக்கு அது எப்படி இருந்தது? இங்கே மேற்கு நோக்கித் தொழுத நீங்கள், அங்கே முதன்முதலாக வடக்கு நோக்கித் தக்பீர் கட்டிய பொழுதில் உடல் தயங்கவில்லையா? உங்கள் கபுறும் கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறதாம். ஊரில் நாம் காலை நீட்டவே அஞ்சும் மேற்குத் திசையில் இப்போது உங்கள் பாதங்கள். இறைவனின் ஏற்பாட்டை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

இன்னொன்று. நெல் தூற்றும்போது நாம் சொல்லும் ‘பொலி, பொலி’யை அந்த ஊரார் இறைவனைத் துதிக்கும் ஏதோ அரபுத் திக்ர் என்று எண்ணி, முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டு சொல்கிறார்களாம். நீங்கள் திருத்தவில்லையா, அல்லது திருத்த மனம் வரவில்லையா?

இவற்றையெல்லாம் சொன்னவள் உங்கள் மகள் சைனபு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் நான் ராத்தா வீட்டில் இருந்தபோது வட்ஸ்அப்பில் அழைத்தாள். ஸலாம் சொல்லி, நலம் கேட்டு, நெடுநேரம் கதைத்தபின் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமி, மௌத்தாகக்குள்ள வாப்பா ஒண்டுதான் சொன்னாரு. ராத்தாவ என்னப் பொருந்திக்கச் சொல்லுங்க எண்டு.”

அடியானுக்கு அடியான் வைத்த குறையை, அந்த அடியானே மன்னித்துப் பொருந்திக்கொள்ளாமல் தீராது என்பதை நீங்களும் நானும் ஒரே பாயில் இருந்து ஓதினோம். ராத்தாவோ உங்கள் பெயரை எடுத்தாலே முகம் திருப்புபவர்.

“பொருந்திக்கவா? உம்மா வாசலப் பாத்துப் பாத்தே மௌத்தாப் போனா. ஏன்கா உங்கட வாப்பா ஒருக்காவும் வரல்ல?” என்றார் ராத்தா.

“வாப்பா சொல்லுவாரு மாமி, எங்கட ஊர்ல மாப்பிள பொண்டாட்டிட ஊட்டுலதான் இருக்கோணும், அந்த வழக்கத்தத்தான் நான் செய்றன் எண்டு.”

ராத்தாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “சாய்ந்தமருதுக்கு மாப்பிள போவான். நடந்து போவான், நடந்து வருவான். மலாவிக்கு ஆரும் போவானா?”

“இஞ்சயும் அதே வழக்கந்தான் மாமி. மாப்பிளதான் பொண்ணுட ஊட்டுக்கு வருவாரு. புள்ளைகளுக்கு உம்மாட குடிதான்.”

ராத்தா என்னைப் பார்த்தார். தாய்வழிக் குடியும் மனைவி வீட்டு வாழ்வும் நம் கரையோரத்துக்கே உரியவை என்றல்லவா நாம் நினைத்திருந்தோம்! காக்கா, அந்த ஊரில் அதைக் கண்டதால்தான் தங்கினீர்களா? தங்கிய பிறகுதான் கண்டீர்களா?

ஆனால் ராத்தா எளிதில் விடுபவரா? “சரி, பொண்டாட்டி ஊட்டுல இருக்கட்டும். பெருநாளைக்கு உம்மாட ஊட்டுக்கு வாரத்த ஆரு மறிச்ச? பொண்ணக் கூட்டி வந்து காட்டினானா? மருமகளுக்கு ஒரு விருந்து குடுக்காமலே உம்மா போயிட்டா.”

சைனபு கைப்பேசியைப் பக்கத்தில் இருந்தவரிடம் திருப்பினாள்.

அப்போது திரையில் வேறொரு முகம் வந்தது. வெள்ளைத் துணியால் தலை மூடிய முதியவர், உங்கள் மனைவி. ஸலாம் சொன்னார். பிறகு, கல் பொறுக்குவதுபோல் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைத்தார்.

“பொருந்திக்குங்க, ராத்தா.”

“உம்மாக்கு இந்தத் தமிழ் மட்டுந்தான் தெரியும்,” என்றாள் சைனபு. “வாப்பா சொல்லிக் குடுத்த.”

அந்த அம்மையார் இமைக்காமல் காத்திருந்தார். நான் மனத்துக்குள் ஓதத் தொடங்கினேன்.

“இவ என்னத்துக்கு என்ன ராத்தா எண்டுற?” என்றார் ராத்தா. “அவனுக்குத்தான் நான் ராத்தா. இவக்கு நான் மதினி. மதினி எண்டு சொல்லச் சொல்லு.”

சைனபு அவர்கள் மொழியில் சொன்னாள். அம்மையாரின் உதடுகள் ஒருமுறை ஓசையின்றி ஒத்திகை பார்த்தன.

“மதினி. பொருந்திக்குங்க, மதினி.”

ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளிருந்து குரல் வந்தது. “பொருந்திக்கிட்டன். அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கிட்டன்.” முந்தானையை எடுத்ததும் பழைய அதட்டல். “அங்க இருந்து வர எத்தின நாளாகும் எண்டு கேளு. மருமகள் விருந்து இன்னும் குடுக்கல்ல.”

காக்கா, அந்த விருந்தை நான் நடத்திவைப்பேன், இன்ஷா அல்லாஹ். உம்மா அமர வேண்டிய இடத்தில் ராத்தா அமர்ந்து மருமகளுக்குச் சோறு ஊட்டுவார். மாப்பிள்ளையின் இடத்தில் ஒரு பாய் விரித்திருக்கும். அதில் எவரையும் அமர விடமாட்டேன். இது என் வாக்கு.

இதை வாசிப்பவரே, உங்கள் வீட்டில் முகம் திருப்பி இருப்பவர்களை அல்லாஹ் ஒரே ஸஹன் தட்டில் உண்ண வைப்பானாக. உங்கள் இல்லத்தாருக்கும் தூரத்துப் பிள்ளைகளுக்கும் ஸலாமத்தையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி, சைனபுவின் சாச்சா.