வெயிலில் காயவைத்த பேட்டரி

கிள்ளான்,
ஞாயிறு காலை

அன்பு மகள் மாதவிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரில் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் உன் தம்பியின் தட்டை இன்னும் தினமும் கழுவிக் கவிழ்த்துவைக்கிறாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான்.

போன வாரம் நீ பேசியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேட்டரிக்குள் எரிகிற திரவத்துக்குப் பதிலாகத் திடமான பாலிமரை வைத்தால் தீப்பிடிக்கிற ஆபத்து குறையும், அதற்குள் லித்தியம் எப்படி நகர்கிறது என்று பார்க்கத்தான் அதைப் பென்சிலைவிட மெல்லிய குழாயில் அடைத்துப் பெரிய காந்தத்துக்குள் சாய்த்துச் சுழலவிட்டு என்.எம்.ஆர் என்ற அளவீடு எடுக்கிறாய் என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாய். லோரி ஓட்டிய எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு குழாயின் மூடி சரியாக இறுகாமல் ஈரக்காற்று புகுந்துவிட்டது, ஈரம் பட்டால் லித்தியம் நிஜத்தைவிட வேகமாக ஓடுவதாகக் காட்டும், அதனால் இரண்டு மாத அளவீட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, என் தவறுதான் என்று புரொபசரிடம் நீயே போய்ச் சொன்னதாகச் சொன்னாயே, அது நன்றாகவே புரிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றும் சொன்னாய்.

மாதவி, உன் தம்பி லோகனின் சைக்கிள் பேட்டரி தானாக எரியவில்லை. வெள்ளம் வடிந்த வாரம் நம் வரிசையில் எல்லாரும் மெத்தை, டிவி, மிக்சி என்று ஒன்றையும் விடாமல் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தினார்கள், நம் ரேடியோகூடப் பாடியது. அவனுடைய மின்சார சைக்கிளும் முழுகித்தான் கிடந்தது. சைக்கிள் மேட்டில் நின்றது, நனையவில்லை என்று உன்னிடம் பொய் சொன்னவன் நான். அவன் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, 'வாசு அண்ணே தண்ணியில முங்குனத சார்ஜ் போடவே கூடாதுன்னு சொன்னாரு பா, புதுசு வர்ற வரைக்கும் பஸ்ல போறேன்லா' என்றான். அதை விற்ற கடைக்காரர் வாசு இன்னொன்றையும் விற்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவனிடம் சொல்லாமல் மூன்று நாள் தகரக் கூரைமேல் காயவைத்தேன். அம்மா அப்போது சாலாக் செலாத்தானில் சித்தி வீட்டில் இருந்தாள். நான்காம் நாள் மத்தியானம் அவன் வேலை முடிந்து வந்து ஹாலில் தூங்கினான். எழுந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அவன் தலைமாட்டு பிளக்கில் நான்தான் சார்ஜ் போட்டேன். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது தெருவே புகையாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தீயணைப்பு அதிகாரி கேட்டபோது, அந்த நிலைமையிலும் அவன், 'நாந்தான் போட்டேன்' என்றான். வெள்ளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டான். அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் இருந்துவிட்டேன். மட்டமான பேட்டரியை விற்றார்கள் என்று நீ அழுதுகொண்டே எழுதி அனுப்பிய புகாரில் கையெழுத்தும் போட்டேன். பாவி நான். பிரிக்பீல்ட்ஸில் வாசு கடையை மூடிவிட்டார். கொலைகாரன் என்று ஷட்டரில் யாரோ பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன், பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வரும் மாதம் பன்னிரண்டாம் தேதி பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் அந்தப் புகார்மீது விசாரணை. உள்ளதைச் சொல்வேன், என்ன வந்தாலும் வரட்டும். தரமற்ற பேட்டரிக்குப் பலியான தம்பிக்கு என்று உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாயாமே, அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடு மா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப்போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. எடுத்த படிப்பை முடித்து நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் அம்மாவைக் கூப்பிடு, அவளுக்கு இனி நீ மட்டும்தான். நான் போனை எடுத்தால் ஒன்றும் பேச வேண்டாம், அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெங்கசாமி