புகையில் கேட்ட ஒரு சொல்

என் சின்ன மகளுக்கு,

தோள் காயம் ஆறி, எழுந்து நடமாடிக்கொண்டிருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணன், அண்ணி, பேத்தி எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் காவல் மடத்துக்கு வரும் கடிதத்தைப் பெரியவர்தான் முதலில் பிரிப்பார் என்று எனக்குத் தெரியும், பிரிக்கட்டும். பிழை திருத்தித் தருகிறேன் என்று பேத்தி வந்தாள், வேண்டாம் போ என்றுவிட்டேன், அவருக்கு என் எழுத்தே போகட்டும்.

அண்ணனுக்கு மணிக்கட்டுக் கட்டு அவிழ்த்தாயிற்று. எரிந்த படகில் மிஞ்சிய பலகைகளை வைத்து வேறு படகு கட்டுகிறான். துறைக்கு யார் வந்தாலும் ஒரே கதைதான், கொள்ளைக்காரர்கள் தீ வைத்ததும், சனங்கள் இறங்கும் பலகைக்கு முன்னால் நீ கேடயத்தோடு நின்றதும், அவன் படகு பற்றியபோது அண்ணா என்று ஒரே ஒரு தடவை கத்தியதும், கடைசி ஆள் கரையேறும்வரை ஓர் அடிகூட நகராததும். "கூப்பிட்டாளே ஒழிய வரல பாத்தியா, நானேதான் குதிச்சேன், நானேதான் நீந்தினேன்" என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான். உங்கள விட்டுட்டு நின்னதுக்கா இவ்வளவு பெருமை என்று அண்ணி கேட்டால், பதினேழு பேரு பொழச்சாங்கடி என்கிறான். நானும் வாசலில் போகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று உன் கூட்டாளி, அந்தப் பூனைக்கண்காரி வந்து விஷயத்தைச் சொன்னாள். மடத்தில் சேர்ந்தவள் உறவு முறை சொல்லிக் கூப்பிட்டது குற்றமாம், வெள்ளிக்கிழமை விசாரணையாம், உறுதியானால் உன் இடுப்பிலிருக்கும் காவல் கச்சையைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவளே ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தாளாம். நான் அண்ணான்னு கத்தல, எதிரியப் பாத்து அண்டாதேன்னு கத்தினேன், புகையில அப்படிக் கேட்டிருக்கும்னு சொல்லிடு என்றாளாம். நீயும் யோசிக்கிறேன் என்றாயாம். நல்ல பெண்தான், உன் மேல் பிரியத்தில் சொல்கிறாள், சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். ஆனால் நீ அதைச் சொல்லக் கூடாது. உன் வாயில் முதல் முதலாக வந்த சொல்லே அதுதான். சுமந்து பெற்ற என்னை விட்டுவிட்டு அண்ணா என்றாய், முப்பத்தோரு வருஷமாக எனக்கு அந்தக் குறை போகவில்லை. அதைப் போய் இப்போது வேறு சொல்லாக மாற்றினால் பொறுக்க மாட்டேன்.

பெரியவரே, இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், இவளை மடத்துக்கு அழைத்துப்போக வந்த அன்று, செவ்வாய்க்கிழமை, நல்ல மழை, நான் துடைத்து வைத்த கூடத்தில் சேற்றுச் செருப்போடு நின்று, இனி இவளுக்கு யாரும் இல்லை, இவளும் யாருக்கும் இல்லை என்றீர்கள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. பாசம் இருந்தால் கால் இடறும் என்றும் சொன்னீர்கள். எங்கே இடறியது? பாசமே இல்லாமல் நிற்பதற்கு இவள் எதற்கு, ஒரு கம்பத்தை நட்டு வைத்தால் போதுமே.

இனி உனக்கு. உன்னை அங்கே போகாதே என்று அழுதவள் நான். இப்போது விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அந்த வேலை உனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. கேட்டால், ஆமாம் கூப்பிட்டேன், நகரவில்லை என்று சொல், மேலே ஒரு வார்த்தை வேண்டாம். இரு என்றால் இரு. போ என்றால், யாரும் உன் இடுப்பில் கை வைக்க விடாதே, கச்சையை நீயே கழற்றி, நாலாக மடித்து, அவர் கையில் கொடுத்துவிட்டு முன்வாசல் வழியாக வா. நான் எதிரே வந்து நிற்பேன்.

காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், களிம்பைத் தீர்ந்துபோகும் என்று மிச்சம் பிடிக்காதே. நீ நன்றாக இருப்பாய், நீண்ட நாள் இருப்பாய்.

வெள்ளிக்கிழமை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாத,
உன் அம்மா