அத்தை ஜாடை

2017 ஜூலை 9, ஞாயிறு

மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. போர் இருக்கிறவன் குறுவை போட்டிருக்கிறான். என்னைப் போன்றவன் வரப்பில் நின்று வானத்தைப் பார்க்கிறான். இன்று லீவு என்று பேர்தான், வீட்டுக்காரி நீலாம்பாள் உட்கார விட்டால்தானே! தென்னை மட்டை அத்தனையும் இழுத்துப் போட வைத்தாள். நாளை காலை கண்டக்டர் டூட்டி, முதல் ட்ரிப் தஞ்சாவூர்.

சாயங்காலம் தங்கச்சி அம்சத்தைப் பார்க்கப் போனேன். மாரில் ஒன்றை எடுத்து, ஊசி மருந்தெல்லாம் முடிந்து, இப்போதுதான் தலையில் முடி முளைக்கிறது. "தடவிப் பாரு அண்ணே, குருவிக் குஞ்சு மாதிரி இல்ல?" என்று சிரிக்கிறாள். இவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? நான் அழுதுவிடப் போகிறேனே என்று காலி டம்ளரை வாயில் வைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மா என்னையும் கூட்டிவரச் சொன்னாராம். "ரத்தத்துல என்னமோ பாத்தாங்க, வந்திருக்காம். கூடப் பொறந்தவங்களும் வரணுமாம்." எனக்கெதற்கு? எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரிதானே இருக்கிறேன்.

ஜூலை 13, வியாழன்

தஞ்சாவூர் போய் வந்தோம். டாக்டரம்மா சின்ன வயசு, என் மகள் எழிலைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"உங்கம்மா எதுல தவறுனாங்க?" என்று கேட்டார். வயித்துவலி என்றேன். அம்சம் என் கையைக் கிள்ளினாள். அப்புறம்தான் சொன்னேன், மாரில் கட்டி என்று. பெரியம்மாவுக்கும் அதேதான். ஊருக்கு வயித்துவலி என்று சொல்லி வைத்தோம். அம்சத்தைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி எனக்கே வயித்துவலிதான் ஞாபகத்தில் நின்றுவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பரம்பரையாக இறங்கி வருகிற ஒரு கோளாறாம். அது இருந்தால் புற்றுநோய் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் வருவதற்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். அம்மாவிடமிருந்து அம்சத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி.

"நான் ஆம்பளையாச்சேம்மா" என்றேன்.

"ஆம்பளைக்கும் இருக்கும் சார். பிள்ளைங்களுக்கு நீங்க குடுக்கலாம்."

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சொல்லுவாங்க. என் பொண்ணு அவங்கம்மாவக் கொண்டிருக்கு" என்றேன். அம்சம் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டாள். "கூசாம பொய் சொல்லாத. எழிலு என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கு. அந்த மூக்கு யாரு மூக்கு?"

டாக்டரம்மா சொன்னது இதுதான்: முதலில் என் ரத்தம். எனக்கு இல்லையென்றால் எழிலுக்கு என் வழியில் வர வாய்ப்பே இல்லை, அவள் பரிசோதனையே செய்துகொள்ள வேண்டாம். இருந்தால், அவளும் பார்க்க வேண்டும்.

டூட்டிக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்கு எனக்கு டூட்டி இல்லை.

ஜூலை 18

ரத்தம் கொடுக்கப் போகவில்லை. பஸ்ஸில் கூட்டம்.

ஜூலை 23, ஞாயிறு

தியாகராசன் வந்தான். கூடப் படித்தவன். எண்ணெய்க் குழாயை எதிர்த்து ஊரில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதை நடத்துகிறவன். எங்கள் வயலுக்கு அடியிலும் அந்தக் குழாய் போகிறது. அப்பா அடிவாங்கி, ஜெயிலுக்குப் போய்க் கிடைத்த நிலம். அதனால் டூட்டி இல்லாத நாளில் நானும் பந்தலில்தான்.

"அம்சத்து போட்டோ ஒண்ணு குடுடா. குழாய் வந்துதான் புத்துநோய் வந்துச்சுன்னு பெருசா பேனர் வைப்போம்" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், எழுதினால் என்ன? குழாயால் வந்தது என்றால் எங்கள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. என்னை யாரும் ஊசியால் குத்த வேண்டாம். எழில் தப்பித்தாள். பைக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அம்சம் வீட்டுக்குப் பறந்தோம்.

உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். "தியாகு அண்ணே, எங்கம்மா செத்தப்ப எங்க வயல்ல குழாயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நெலத்துக்காகப் பேச உங்களுக்கு ஆயிரம் ஞாயம் இருக்கு. பந்தல்ல வந்து உக்காரச் சொல்லுங்க, நாள் பூரா உக்கார்றேன். எனக்கே பொய்யின்னு தெரிஞ்சதுக்கு என் மூஞ்சிய ஒட்டாதீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பேனருக்கு ஆளைக் கூட்டிட்டு வர்றியே, நீ ரத்தம் குடுத்தியா?"

தியாகராசன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "பஸ்ஸே அதிர்ற மாதிரி கத்துற மனுசன், ஒரு ஊசிக்குப் பயந்து ஓடியாந்துட்டாரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

ஊசிக்கா பயம்? அடிப் பைத்தியக்காரி. கொடுத்தது நான்தான் என்று தெரிந்துவிட்டால் எழில் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஜூலை 26, புதன்

நீலாம்பாளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க என்ன, வேணும்னா குடுத்தீங்க? அத்தைதான் வேணும்னு உங்களுக்குக் குடுத்தாங்களா? எந்திரிச்சிக் குளிங்க, நானும் வர்றேன்" என்றாள்.

ரத்தம் எடுக்கும்போது என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்தன்று பிடித்தது, அப்புறம் நாலு பேர் பார்க்க இன்றைக்குத்தான் பிடித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 24, வியாழன்

இருக்கிறது.

ஆகஸ்ட் 26

எழில் நேற்றிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். எடுக்கவில்லை. நீலாம்பாள் சொல்லியிருப்பாள். என்னத்தைச் சொல்லுவேன் நான்? நகை போட்டேன், படிக்க வைத்தேன், இதையும் சேர்த்துக் கொடுத்தேன் என்றா?

ஆகஸ்ட் 28, திங்கள்

கும்பகோணத்தில் வண்டி கிளம்புகிற நேரம். விசிலை வாயில் வைத்துவிட்டேன். முன்வாசலில் எழில் ஏறுகிறாள், இடுப்பில் பாப்பா. பேத்திக்கு இந்த மாதம்தான் ஒரு வயது முடிந்தது. இன்று பேங்குக்கு லீவு போட்டிருக்கிறாள் போலிருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் அவள் சீட்டுக்குப் போனேன்.

"எங்க போகணும்?" பழக்க தோஷம், வாய் கேட்டுவிட்டது.

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு. போனை எடுக்கலேன்னா விட்டுருவேனா? இவளப் புடிங்க, பர்ஸ் எடுக்கணும்."

பிள்ளையை என் கையில் திணித்தாள். பர்ஸை எடுத்தாள், காசைக் கொடுத்தாள், பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், அழுத்தக்காரி. தோளில் டிக்கெட் பை, கையில் பேத்தி. என் விசிலைப் பாப்பா பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். வெற்றிலைக் கூடைக்காரம்மா ஒருத்தி, "கண்டக்டரே, அந்தப் புதுக் கண்டக்டருக்கு யாரு சம்பளம் தர்றா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை காலியாக இல்லை.

தஞ்சாவூரில் இறங்கும்போது, "ரத்தம் குடுக்கப் போறேன், கூட வாங்கப்பா" என்றாள். டைம் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி அடுத்த ட்ரிப்புக்கு ஆள் மாற்றிவிட்டுப் போனேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

எழிலுக்கும் இருக்கிறது.

இந்தத் தடவை போனை எடுத்தேன். "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"நீங்க குடுத்ததுல இது ஒண்ணுதான்ப்பா வேண்டாதது. மத்தது எதையும் நான் திருப்பித் தர்றதா இல்ல" என்றாள்.

போனை நீலாம்பாளிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பாவுக்கு நாற்றங்கால் வேலை ஆரம்பம்.

பந்தலில் தியாகராசன் பேசி முடித்ததும் மைக்கை என்னிடம் நீட்டினான். "உன் தங்கச்சி சங்கதிய நீயே சொல்லு. பேனர் வேண்டாம்" என்றான். நல்லவன்தான், அவசரக்காரன். இப்படிக் கேட்பான் என்று தெரிந்து எழிலை நேற்றே கேட்டிருந்தேன். "என் பேரையும் சேத்துச் சொல்லுங்கப்பா. எனக்கென்ன வெக்கம்?" என்றிருந்தாள்.

சொன்னேன். எங்கம்மா வயித்துவலியில் சாகவில்லை என்பதில் ஆரம்பித்தேன். "பொண்ணு பொறந்தா அத்தை ஜாடைன்னு கொண்டாடுறோம்ல? அத்தை மூக்கு பொண்ணுக்கு யாரு வழியா வந்துச்சு? அப்பன் வழியாத்தானே? மூக்கு வந்த வழியில இதுவும் வருமாம். புத்துநோய் வந்த எல்லாருக்கும் இப்படி இல்ல, கொஞ்சம் பேருக்குத்தான். ஆனா ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு வந்திருந்தா, சின்ன வயசுலயே வந்திருந்தா, டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ஆம்பளைங்களும் போங்க. நான் போகாம ஓடி ஒளிஞ்சவன்."

கையை யாரும் தட்டவில்லை. கீழே இறங்கியதும் என் சித்தப்பா மகன் காத்தான் சட்டையைப் பிடிக்காத குறை. "ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கேன். நம்ம குடும்பத்துல எவன்ணே இனிமே பொண்ணெடுப்பான்?" அவன் எங்கப்பா வழி, இது எங்கம்மா வழி, அவன் வீட்டுக்கு இது போகாது என்று சொன்னால் கேட்கிற நிலையில் இல்லை. கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. அன்றைக்கு அம்சத்தைக் கட்டிக் கொடுக்க நாங்களும் இதே கணக்குத்தானே போட்டோம்.

செருப்பு போடும்போது பின்னால் ஒரு அம்மா நின்றார். காய்கறிக் கூடையோடு தினமும் என் பஸ்ஸில் வருகிற ரசியா பேகம். "எங்க அக்காவும் இதுலதான் போனா, எனக்கு இது வர்றதுக்கு முந்தியே. அந்த டாக்டரம்மாவை எப்பப் பாக்கலாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

2018 பிப்ரவரி 7, புதன்

எழிலுக்கு ஸ்கேன். பாப்பாவுக்குப் பால் மறக்கடித்துவிட்டு வரச் சொல்லித் தள்ளி வைத்திருந்தார்கள். பாப்பாவை அம்சத்திடம் விட்டுவிட்டு நானும் எழிலும் மட்டும் போனோம்.

ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. வருஷா வருஷம் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறென்ன செய்யலாம் என்பதை இன்னொரு பிள்ளைக்குப் பிறகு பேசலாம் என்றார். எழில் தலையாட்டினாள். நானும் சேர்ந்து ஆட்டினேன்.

திரும்பும்போது எங்கள் டிப்போ மருதையன் கண்டக்டராக வந்த வண்டி. எழில் ஐயம்பேட்டை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, சின்னப் பிள்ளையில் தூங்கின மாதிரி. பாபநாசத்தில் வண்டி நின்றது. நாங்கள் இறங்க வேண்டிய இடம். மருதையன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். "யோவ், நீயே கண்டக்டரு, ஒனக்கே ஸ்டாப்பு தெரியலையா?" என்று கத்தினான்.

கத்தாதே என்று ஜாடை காட்டி, கும்பகோணத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.