ஐந்து விநாடி அபராதம்

ஞாயிறு, இரவு.

உலகமே பார்த்துக்கொண்டிருக்க, இன்று நான் கொண்டாடும் கார் பந்தய வீரனின் சாம்பியன் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். கடைசிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவனுக்கு, பந்தயப் பாதையின் ஓரக்கோட்டைத் தாண்டி முந்தினான் என்று ஐந்து விநாடி அபராதம்! தண்டையார்பேட்டை டயர் கடை டிவி முன்னால் நான் போட்ட கூச்சலில் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

ரஃபி சிரித்தான். பதினைந்து வருடம் என்னோடு டிரெய்லர் லாரி ஓட்டியவன்.

"போன ரேஸ்ல எங்காளுக்கு இதே அஞ்சு செகண்டு போட்டப்போ, ரூலுன்னா ரூலுன்னு பிரியாணி துன்னுகினே சொன்னியே மாமு?"

கடையே சிரித்தது. மூவுலகையும் வாதத்தில் வென்ற என்னைப் பார்த்து! அந்த எரிச்சலில், "எண்ணூர் ரோட்ல டிரெய்லரக் கவுத்தவன்லாம் ரேஸ் பேச வந்துட்டான்" என்றேன்.

அந்த விபத்துக்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. எங்களில் யாரும் அதைப் பேசுவதுமில்லை.

"சர்தான் மாமு" என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்த நடுவர்களைத் திட்டி ஆயிரம் பக்கம் என்னால் எழுத முடியும். ரஃபிக்கு ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. இரண்டு முறை போனை எடுத்து "தம்பி" என்று அடித்தேன், அழித்தேன். அவன் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டுகிறது. அவனும் தூங்கவில்லை போல.