பின் இருக்கையின் கால்பலகை

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். என் இடப்பக்கம் நலம். வலப்பக்கத்தைப் பற்றிக் கேட்காதே. உங்கள் பயிற்சி முகாமில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். அதிலும் பாதி நேரத்தைச் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டே அம்மா தீர்த்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் எழுத வருகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

போட்டிக்கு வந்து படகில் உன் பின்னால் உட்காருவேனா, மாட்டேனா? அதுதானே உனக்குத் தெரிய வேண்டும்? சொல்கிறேன், பொறு. முதலில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இங்கே என் புலம்பலைக் கேட்க ஆளில்லை. எல்லோரும் எனக்குப் புத்தி சொல்ல வரிசையில் நிற்கிறார்கள்.

மருந்துக் கடையில், மேல்தட்டுப் பக்கமே போகக் கூடாது என்று முதலாளி என்னைப் பில் போடும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டியிருந்த பட்டையைக் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் நான் கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்து, என்னாச்சும்மா என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். தோள்பட்டை இறங்கிடுச்சு என்று சொன்னால் போதும், வைத்தியம் ஆரம்பமாகிவிடும். மருந்து வாங்க வந்தவர்கள் மருந்து விற்கிறவளுக்கு மருந்து சொல்கிறார்கள். நேற்று ஒரு பெரியவர், கயாக்கா, அந்த ஒல்லிப் படகா, அதுல ஏம்மா போறே, அதான் பஸ் ஓடுதே என்றார். சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வீட்டில் அம்மா எனக்குத் தலை பின்னிவிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி புருவம் மேலேறும் அளவுக்கு இழுத்துப் பின்னுகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், என் துடுப்பில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கிறாள்! கத்தினேன். சும்மாதானேடி மூலையில நிக்குது என்றாள், கையை இறக்காமலே. அவள் வயதுக்கு அந்தக் கை தலைக்கு மேலே எவ்வளவு லேசாகப் போய் வருகிறது தெரியுமா? எனக்கு அழுகை வந்துவிட்டது. துடுப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா அதைக் கழுவித் துடைத்து என் கட்டில்மேல் வைத்துவிட்டாள்.

அப்பாவின் வழி வேறு. காலையில் நான் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை ஏற்றும்போது, விரல் எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டுப் போகிறார். முதலில் கோடுகள் மளமளவென்று ஏறின. இப்போது ஒரே இடத்தில் மொய்த்துக் கிடக்கின்றன. எனக்குத் தெரியாமல் அப்பா கொஞ்சம் மேலே தள்ளிப் போடுகிறாரோ என்றுகூடச் சந்தேகம்.

எப்படி ஆச்சு என்று கேட்காத ஆளில்லை. நீ முன்னால் உட்கார்ந்திருந்ததால் உனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். பக்கவாட்டில் வந்த அலை படகைச் சாய்த்தது. நான் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாக வீசித் தண்ணீரைப் பிடிக்கப் பார்த்தேன். படகு கவிழ்ந்தா கவிழட்டும், கை மட்டும் தலைக்கு மேல போகக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களிடம் தொண்டை வறளச் சொல்கிறவள் நான்தான். அத்தனைக்கும் பிறகு தோளும் கழன்றது, படகும் கவிழ்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பதிலாக அந்தக் குட்டைப் பெண் குருவியைப் பின் இருக்கையில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஆனால் நீ கால் ஊனுற கால்பலகையை யாரையும் தொட விடலை அக்கா, அது உன் காலுக்கு வெச்ச இடத்துலயே இருக்கு என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். சொன்னால் வெட்கம், இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பெண்ணின் கால் பலகைக்கு எட்டாமல் நடுவில் துண்டை மடித்துச் செருகிக்கொள்கிறாள் என்றாய். தோள் வலிக்குதுன்னு சும்மா நடிக்கிறா என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நேற்று பிசியோவிடம் போனேன். உயரமான கட்டிலில் கால் தொங்க உட்கார வைத்து, கதவுப் பிடியில் கட்டிய ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார். தோளில் சுருக்கென்றது. பிறகு ஒரு முக்காலியில் உட்கார வைத்து, பாதங்களைச் சுவரில் நன்றாக ஊன்றிக்கொண்டு அதே பட்டையை இழுக்கச் சொன்னார். வலியே இல்லை. கால் ஊனலைன்னா பாரம் எல்லாம் தோளுக்குத்தாங்க வரும் என்றார். நமக்கு இது புதிதா? படகில் ஏறிய முதல் நாளே சொல்லிக்கொடுத்ததுதானே?

அப்புறம் என் கையைத் தூக்கிப் பின்பக்கமாகக் கொண்டுபோனார். சத்தியமாகச் சொல்கிறேன், வலிக்கவில்லை. ஆனால் என் இடது கை பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நான் பிடிக்கச் சொல்லவில்லை. அவர் கையை இறக்கிவிட்டு, இந்தப் போட்டி வேணாங்க, இப்பப் படகுல ஏறினா மறுபடி கழண்டுடும், அப்புறம் ஆபரேஷன்ல போய் நிக்கும் என்றார். வாதாடினேன். கெஞ்சினேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், ஏதோ அடுத்த பஸ் வரும் என்கிற மாதிரி. கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு வரலாம் என்றால், அது தானாக மெதுவாகச் சாத்திக்கொள்கிற கதவு. அது மூடும்வரை அங்கேயே முட்டாள் மாதிரி நின்றேன்.

ஆக, நான் வரவில்லை. எழுதிவிட்டேன். இந்த வரியை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

பிசியோ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குருவியின் ஞாபகம் வந்தது. என் அளவுக்கு வைத்த பலகைக்குக் கால் எட்டாமல், ஒரு துண்டை மிதித்துக்கொண்டு, நாள் முழுக்கத் தோளால் மட்டுமே படகை இழுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் நடிக்கவில்லையடி. நீ எனக்காகச் செய்தது எனக்குப் புரிகிறது, அதற்காக உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் இந்த வலி எனக்குத் தெரியும். எனக்காக இன்னொருத்திக்கு இது வர வேண்டாம்.

கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாகத் திருகைக் கழற்றி, பலகையை இருக்கைப் பக்கத்துத் துளைக்கு நகர்த்து. அவளை உட்கார வைத்து, பாதம் நன்றாகப் பதிகிறதா, முட்டி லேசாக மடங்குகிறதா என்று பார்த்து முடுக்கு. அவளிடம் மன்னிப்புக் கேள். என் பங்குக்கும் சேர்த்துக் கேள். அவள் துடுப்புச் சத்தம் என்னுடையதைப் போல இருக்காது. பின்னால் திரும்பிப் பார்க்காதே. உன் வேகத்தை அவளுக்குக் கேட்கும்படி போடு, பிடித்துக்கொள்வாள்.

என் இடத்தில் அடையாளம் எதுவும் வைக்க வேண்டாம். எந்தத் துளை என்று என் காலுக்குத் தெரியும்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். ஜெயித்து வாருங்கள். கைகளைக் கண்ணுக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் முதுகைப் பார்த்தே பழகிப்போன
அக்கா

உறையை ஒட்டப் போய்த் திரும்ப எடுத்தேன். பலகையை நகர்த்துவதற்கு முன்னால், என் துளைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வை. அப்பா போடுகிற மாதிரி சின்னதாக இருந்தால் போதும். தண்ணீரில் அழியாத மையால் போடு.