ஐஸ் பட்ட பாரை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஐப்பசி 27

அன்பு மகள் நிரோஜினிக்கு,

நீயும் மருமகனும் பிள்ளை ஜதுசாவும் அங்கே குளிருக்குள் நோய்நொடியில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு எழுதத் தொடங்குகிறேன். நானும் சுகம், முழங்கால் மட்டும் முன்னைப்போல் இல்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ இடையில் புகுந்து கதைப்பாய், கடிதத்தில் அது ஏலாது.

போன கடிதத்தில் ஒரு பிழை விட்டுவிட்டேன். இந்த ஐப்பசியில் கடல் நன்றாகத் தருகிறது, அப்பாவின் வள்ளத்திலிருந்து ஒருநாளும் கறிக்கு மீன் தப்பவில்லை, கடல் எனக்குச் சோறு போடும்வரை கனடாவுக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தேன். நீ அதை வாசித்துவிட்டு விசாப் படிவத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னாய். அந்த வசனத்தை வெட்டிவிடு. நான் படித்த கொன்வென்டில் மதர் பிழை விட்டவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தமாட்டார், பிழையென்று கண்டபிறகும் திருத்தாதவளைத்தான் நிறுத்துவார்.

உண்மை நிலவரம் இதுதான். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நின்றுவிட்டது, வாடை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. வழக்கமாக இந்த இடைவெளியில் கடல் குளம்போலக் கிடக்கும், கரையோடு சூடையும் பாரையும் வரும். இம்முறை மலைநாட்டில் மழை முந்திவிட்டது, மகாவலித் தண்ணீர் வந்து கொட்டியாரக் குடாவையே தேத்தண்ணி நிறமாக்கிவிட்டது. மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. வலையில் ஏறுவதெல்லாம் சொறிமுட்டைதான், நுங்குபோல வழுவழுவென்று, கை பட்டால் தடித்துப் போகும். இதொன்றும் அப்போது எனக்குத் தெரியாது, ஏனென்றால் லாபிர் தினமும் ஒன்பது மணிக்கு முன்னர் மீனைப் பையில் போட்டுக் கேற்றில் கொழுவிவிட்டுப் போவார். அப்பா போன பிறகு ஆறு வருடமாக வள்ளத்தை ஓட்டுகிறவர், ஒருநாளும் பிந்தியதில்லை.

போன செவ்வாய் பையில் மூன்று பாரை இருந்தன. குசினியில் கழுவும்போதுதான் பார்த்தேன், செவுள் வெளிறி, கண் உள்ளே போய், வயிற்றுக்குள் குளிர் நின்றது. விடிய வலை போட்டு எட்டு மணிக்குக் கரை சேருகிற வள்ளத்தில் ஐஸ் ஏது? மறுநாள் கேற்றடியில் கதிரை போட்டு இருந்தேன். அவர் வந்ததும், மீனுக்குக் காய்ச்சலோ லாபிர், ஐஸ் வைத்துக் கொண்டு வாறீர் என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு கிழமையா கடல்ல ஒண்டுமில்லம்மா, சந்தையிலதான் எடுத்துத் தாறன். ஐயா இருந்த காலத்தில, ஒண்டும் படாத நாளிலயும் என்னை வெறுங்கையோட வீட்ட அனுப்பினவரில்ல. நான் எப்பிடி உங்கட கேற்றில வெறும் பையக் கொழுவுறது" என்றார். அவருடைய மனைவி நஜ்முன் நிஸா முதலே சொன்னாவாம், "அந்த அம்மாட கண்ணுக்குத் தப்பாது, வாங்கிறதெண்டா நல்ல மீனாப் பாத்து வாங்குங்க" என்று. எனக்குக் கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. அந்த வீட்டிலும் ஐந்து வாய் இருக்கிறது, அங்கே வேக வேண்டிய மீனை நான் இரண்டு கிழமை குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், அதோடு கடலின் பெருமையை உனக்கு எழுதியும் இருக்கிறேன். இனிமேல் பட்டதைக் கொண்டு வாரும், படாவிட்டால் வெறும் பையைக் கொழுவும் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் கொடுத்த சொல் கடலைப் பற்றியது. கடல் சோறு போடவில்லை, லாபிர் போட்டிருக்கிறார். ஆகையால் படிவத்தை எடுத்து அனுப்பு. நீ நிரப்பாதே, போனமுறை என் பெயரில் ஓரெழுத்தை விட்டுவிட்டாய், நானே நிரப்புகிறேன். வள்ளத்தை லாபிரின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவேன், அதில் உன் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இன்று காலை பையில் ஐந்து சூடை இருந்தன. விரல் நீளம்தான், ஆனால் கண் தெளிவு. சொதி வைத்தேன். முள்ளுத்தான் கூடுதல்.

ஜதுசாவைத் தமிழில் இரண்டு வரியாவது எழுதப் பழக்கு. மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பத்திரகாளி அம்மாள் உங்கள் மூவரையும் காத்துக்கொள்ளட்டும். ஒன்றை மறந்துவிடாதே. லாபிர் உன்னோடு கதைத்தால், முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்று நீதான் பிடிவாதமாகக் கூப்பிட்டாய் என்று சொல், மீன் கதையே எடுக்காதே. இந்தப் பிழையை நான் திருத்தப் போவதில்லை.

அன்புள்ள அம்மா,
மங்கையர்க்கரசி காசிநாதர்