செல்வி தலைமேல காந்தம்

வியாழன், ராத்திரி.

கும்மிடிப்பூண்டி இரும்பு கம்பெனியில நான் ஓட்டுறது காந்தக் கிரேன். பழைய இரும்பை டன் கணக்குல அள்ளும். அதனாலதான் ஆஸ்பத்திரில என் பொண்டாட்டி செல்வி தலைமேல காந்தம் வெக்கிறப்போ எனக்குப் பயமா இருக்குது. ரெண்டாவது வாரம் ஆச்சு, இன்னும் பழகல.

எம்.எஸ்.னு நரம்பு நோய் வந்ததுலருந்து அவளுக்குக் கால் நரம்பெல்லாம் எரிச்சல். போர்வை பட்டாகூட அலறுவா. மாத்திரைக்கும் அடங்கல. அதான் வலியை அடக்க மூளைக்குக் காந்த வைத்தியம். இதுகூட சிலருக்குத்தான் கேக்கும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு.

இன்னிக்கு மெஷின் டக்டக்னு அடிச்சதும், "மெதுவாம்மா!"ன்னு அங்க இருந்த நர்ஸ் பொண்ணுகிட்ட கத்திட்டேன். செல்வி சிரிச்சிட்டா.

"உக்காருய்யா. இன்னா, உன் கிரேன் மாதிரி என்னைத் தூக்கிக்கினு போயிடுமா?"

எனக்கு மானமே போச்சு. ரயில்ல ஊடு வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துக்கினு வந்தேன்.

இப்ப பக்கத்துல தூங்குறா. நான் சாஞ்சு எழுதிக்கினு இருக்கேன். தூக்கத்துல அவ காலைத் தூக்கி என் தொடைமேல போட்டிருக்கா. லுங்கி உரசுது. முகம்கூட சுளிக்கல.

காலைல இதைப் பத்திக் கேக்கமாட்டேன். கேட்டா ஒருவேளை எரிச்சல் திரும்ப வந்துட்டா...

என் கால் மரத்துப் போச்சு. ஒண்ணுக்கு வேற முட்டுது. அசையமாட்டேன். விடியட்டும்.